ஒரு பெரும் பகா எண்

ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிற எவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண், ஒன்றினும் பெரியதாயின், பகா எண் எனப்படும். 31 பகா எண் என்பதைச் சிறுவரும் வகுத்துக் காண்பர். 39 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை அங்ஙனம் வகுத்துப் பார்க்க மக்கள் ஆயுள் போதுமோ? அத்தகைய எண் ஒன்றனை ஈண்டு ஆராயப் புகுவாம்.

127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது 170141183460469231731687303715884105727. இவ்வகை எண்கள் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவியின் பெயரால் வழங்குகின்றன. எவ்வெவ் அடுக்குகள் பகா எண்ணைத் தரும் என அவர் 1644-இல் ஒரு பட்டி வெளியிட்டார். 67, 127, 257 ஆகிய மூன்றும் அதன்கண் இருந்தன. நிரூபணம் மட்டும் இல்லை.

1876-இல் லூக்காஸ் என்னும் பிரெஞ்சுக் கணிதர், வகுத்திகளைத் தேடாமலே சோதிக்கும் வழியொன்று கண்டார். பின்னர் லேமர் என்னும் அமெரிக்கர் அதனைச் செம்மைப்படுத்தினார். அம்முறை வருமாறு: அடுக்கு ஒற்றைப்படையான பகா எண்ணாயிருத்தல் வேண்டும். 4-இல் தொடங்குக. அதனை வர்க்கித்து 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியைக் கொள்க. அம்மீதியைக் கொண்டு மீண்டும் அவ்வாறே செய்க. அடுக்கினும் இரண்டு குறைந்த முறை செய்தபின் மீதி பூச்சியமாயின் அது பகா எண். அன்றேல் பகு எண்.

31-ஐ எடுத்துக் கொள்வோம். ஐந்து இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்று குறைந்தது அது. ஆதலின் மூன்று முறை செய்வோம். 4-இன் வர்க்கம் 16. இரண்டு போக 14. 14-இன் வர்க்கம் 196. இரண்டு போக 194. அதனை 31-ஆல் வகுக்க மீதி 8. 8-இன் வர்க்கம் 64, இரண்டு போக 62, மீதி பூச்சியம். நம் பேரெண்ணுக்கோ இவ்வாறு 125 முறை செய்தல் வேண்டும்.

127-ஆம் அடுக்கு பகா எண்ணையே தருகின்றதென லூக்காஸ் நிறுவினார். 67-ஆம் அடுக்கு தருவது பகு எண் என்றும் காட்டினார். ஆயின் அதன் வகுத்திகளை அவர் அறிந்திலர். 1903-இல் கோல் என்னும் அமெரிக்கர், 193707721, 761838257287 என்னும் இரண்டும் அதன் வகுத்திகள் எனப் பெருக்கிக் காட்டினார். 257-உம் பிழையென்று பின்னர்த் தெளிவாயிற்று. 61, 89, 107 ஆகிய மெய்யான அடுக்குகள் பட்டியில் விடுபட்டிருந்தன.

1951 வரை, 75 ஆண்டுகள், லூக்காஸ் நிறுவிய எண்ணே அறியப்பட்ட பகா எண்களுள் மிகப் பெரியதாய் விளங்கிற்று. 2024-இல் கண்டறியப்பட்ட மெர்சென் பகா எண்ணுக்கு 41024320 இலக்கங்கள். கணிப்பொறிகள் அதனை உறுதி செய்ததும் மேற்கூறிய சோதனையாலேயே.

ஒரே பட்டியில் மெய்யும் பொய்யும் அருகருகே இருந்தன. எழுதியவர் புகழ் அவற்றைப் பிரித்துக் காட்டவில்லை. நிரூபணமே பிரித்துக் காட்டிற்று. கணிதம் பயிலும் நாம் மறவாது கொள்ளத்தக்கது இதுவே.