பிரசாவுரிமைப் பரீட்சைக்கு ஆயத்தமாவோம்

கல்முனைக்குடியில் ஓர் உம்மா. 1990இல் வட்டையை விட்டு ஓடி வந்த குடும்பம். அன்று கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது கனடாவில் கணவனோடும் பிள்ளைகளோடும் வாழ்கிறாள். அங்கே பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஓர் இரவு தொலைபேசியில் உம்மா கேட்டார்: "மகள், நீ அந்த நாட்டுக்காரியாகிட்டா வாப்பாட வயல்ல உனக்குப் பங்கு இல்லாமப் போயிடுமா?" மகள் சொன்னாள்: "அது எனக்குத் தெரியா உம்மா. முதல்ல இந்தச் சோதினைய பாஸ் பண்ணணும். அதுதான் பயமா இருக்கு."

இந்த உம்மாவின் கேள்வியும் மகளின் பயமும் நம்மில் பலருடைய வீடுகளில் உள்ளவை. யுத்தத்தாலும் 2004 டிசம்பர் 26இல் வந்த கடற்கோளாலும் இடம்பெயர்ந்த நமது குடும்பங்கள் இன்று பல நாடுகளில் சிதறி வாழ்கின்றன. ஆகவே இந்த இதழின் பாடமாக பிரசாவுரிமைப் பரீட்சையை எடுத்துக்கொள்வோம். எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்துரையாடலாம்.

1. பிரசாவுரிமை என்றால் என்ன?

ஒரு நாடு "இவர் எம்மவர்" என்று சட்டப்படி ஏற்றுக்கொள்வதே பிரசாவுரிமை. வாக்களிக்கவும், கடவுச்சீட்டுப் பெறவும், எவராலும் வெளியேற்றப்படாமல் வாழவும் அது வழி செய்கிறது.

இலங்கையில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். இதன்படி நம்மில் பெரும்பாலானோர் வம்சாவழிப் பிரசைகள். இதற்கு மொழிப் பரீட்சையோ குடியியல் பரீட்சையோ இல்லை. ஆனால் வேறொரு பரீட்சை எப்போதும் இருந்து வந்திருக்கிறது. அதுதான் கடதாசிப் பரீட்சை.

மலையக மக்களின் கதையைப் பாருங்கள். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவர்கள் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் தொடர்ச்சியாக இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்ததோ ஏறக்குறைய 1,34,000 பேருக்கு மட்டுமே. பிறப்புப் பதிவும் வசிப்பிடச் சான்றும் இல்லாதவர்கள் இந்த மண்ணிலேயே பிறந்திருந்தும் தோற்றுப் போனார்கள். 1964 ஒக்டோபர் 30இல் இரு நாடுகளும் செய்த ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டிய முதற் பாடம்: மொழி தெரிந்திருப்பது மட்டும் போதாது. கடதாசியும் கையில் இருக்க வேண்டும்.

2. எந்த நாட்டில் என்ன பரீட்சை?

கனடா: 18 முதல் 54 வயது வரையானோர் பரீட்சை எழுத வேண்டும். 20 வினாக்கள், 45 நிமிடம், 15 சரியாக இருக்க வேண்டும். ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழியில் பேசவும் கேட்டு விளங்கவும் முடியும் என்பதையும் காட்ட வேண்டும். விண்ணப்பிக்குமுன் ஐந்து வருடத்தில் 1,095 நாட்கள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 55 வயதைக் கடந்தவருக்குப் பரீட்சையும் இல்லை, மொழிச் சான்றும் இல்லை. ஆகவே பிள்ளைகளிடம் போகும் வயதான உம்மாமாரும் அம்மாமாரும் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

பிரித்தானியா: 24 வினாக்கள், 45 நிமிடம், 18 சரியாக இருக்க வேண்டும். ஆங்கிலத் தகைமையும் வேண்டும். 65 வயதானோருக்கு விலக்கு உண்டு.

ஜேர்மனி: 2008 செப்டம்பர் முதல் நடைபெறும் பரீட்சை. 33 வினாக்கள், ஒரு மணித்தியாலம், 17 சரியாக இருந்தால் போதும். கேட்கப்படக்கூடிய வினாக்கள் அனைத்தும் முன்கூட்டியே வெளியிடப்பட்டுள்ளன. மொழியில் பி1 என்னும் தரம் வேண்டும். அன்றாடக் காரியங்களைப் பிறர் உதவியின்றிப் பேசி முடிக்கும் தரம் அது.

சுவிற்சர்லாந்து: பேச்சில் பி1 தரமும் எழுத்தில் அதற்கு ஒரு படி குறைந்த ஏ2 தரமும் வேண்டும். மற்ற விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

அவுஸ்திரேலியா: 20 வினாக்கள், 15 சரியாக இருக்க வேண்டும். அவற்றுள் அந்நாட்டின் விழுமியங்கள் பற்றிய ஐந்து வினாக்களுக்கும் பிழையின்றி விடையளிக்க வேண்டும். ஒன்று பிழைத்தாலும் சித்தியில்லை.

இந்தியா: இங்கே நிலைமை வேறு. விண்ணப்பத்தின் மூலம் பிரசாவுரிமை கோருபவர் அந்நாட்டு அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளுள் ஒன்றைப் போதிய அளவு அறிந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். தமிழும் அவற்றுள் ஒன்று. எனவே மொழி நம்மவருக்குத் தடையே இல்லை. ஆனால் உரிய பத்திரமின்றி நாட்டினுள் வந்தவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் எனக் கருதப்படுவதால், அகதி முகாம்களிலுள்ள பலருக்கு விண்ணப்பிக்கும் வழியே அடைபட்டிருக்கிறது. எனினும் 1987 யூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் அந்நாட்டுப் பிரசையாவார். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதை வைத்து வழக்காடினார். 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி உத்தரவிட்டது. 2024இல் அவர் வாக்களித்தார். அவருக்குக் கை கொடுத்தது பிறப்புச் சாட்சிப் பத்திரம் என்ற ஒரே ஒரு கடதாசி.

மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழிலுக்குப் போவோருக்கு இந்தப் பாடம் பொருந்தாது. எத்தனை வருடம் உழைத்தாலும் அங்கே வேலை ஒப்பந்தம் முடிந்தால் திரும்பி வர வேண்டியதுதான்.

இவ்விதிகள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. விண்ணப்பிக்குமுன் அந்தந்த நாட்டு அரசின் அறிவித்தலை ஒரு தடவை பார்த்துக்கொள்வது அவசியம்.

3. எப்படிப் படிப்பது?

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவது நல்ல முறை. வயல் செய்தவருக்கு இது புதிதல்ல. வட்டை விதானை யார், தண்ணீர் திறப்பதை முடிவு செய்யும் கூட்டம் எது, பிணக்கு வந்தால் யாரிடம் போவது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஒரு நாட்டின் ஆட்சியும் அப்படியே. சட்டம் செய்பவர் யார், அதை நடத்துபவர் யார், பிணக்கைத் தீர்ப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளில் குடியியல் அடங்கிவிடும்.

முதலில் நமது நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே நாடாளுமன்றத்தில் 225 உறுப்பினர்கள். நாட்டின் தலைவர் ஜனாதிபதி. அவரை மக்களே தெரிவு செய்கிறார்கள். பிறகு கனடாவை அருகில் வைத்துப் பாருங்கள். அங்கே மக்கள் சபையில் 343 உறுப்பினர்கள். அரச தலைவர் மன்னர் மூன்றாம் சார்ள்ஸ். அவர் சார்பில் ஆளுநர் நாயகம் இருக்கிறார். அரசாங்கத்தை நடத்துபவர் பிரதமர். பத்து மாகாணங்களும் மூன்று ஆட்புலங்களும் உண்டு. இப்படி ஒப்பிட்டுப் படித்தால் மனதில் நிற்கும்.

வேறு சில வழிகள்:

அ. நாளுக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் ஒரு நாளும் தவற விடக்கூடாது. பரீட்சைக்கு முதல் வாரம் இரவிரவாகப் படிப்பதால் பலனில்லை.

ஆ. அரசு வெளியிட்ட கைந்நூலையே படியுங்கள். கனடாவின் கைந்நூல் இலவசம். கடையில் விற்கும் வினா விடைத் தொகுப்பு அதன் பிறகுதான்.

இ. விடையை மட்டும் மனனம் செய்யாதீர்கள். வினாவைச் சற்று மாற்றிக் கேட்டால் தடுமாறுவீர்கள். ஒவ்வொரு விடையையும் தமிழில் ஒரு வசனத்தில் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் விளங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

ஈ. ஒரு துண்டுக் கடதாசியின் முன்பக்கத்தில் வினாவையும் பின்பக்கத்தில் விடையையும் எழுதுங்கள். பஸ்ஸிலும் சமையலறையிலும் பார்க்கலாம்.

உ. மொழிக்கு, கடையிலும் வைத்தியசாலையிலும் பிள்ளையின் பாடசாலையிலும் நீங்களே பேசுங்கள். எப்போதும் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துப் போனால் பிள்ளைதான் மொழி கற்கும், நீங்கள் கற்க மாட்டீர்கள்.

ஊ. தோற்றால் வெட்கப்பட வேண்டாம். மீண்டும் எழுத வழி உண்டு. ஒரு போகம் பிழைத்தால் வயலை விட்டுவிடுகிறோமா?

4. ஊரில் இருப்பவர் செய்ய வேண்டியது

பரீட்சையை மகளோ மகனோ எழுதுவார். கடதாசியைத் தேடிக்கொடுப்பது ஊரிலுள்ள நம் பொறுப்பு.

பிறப்புப் பதிவு: ஒரு பிள்ளை பிறந்து மூன்று மாதத்துக்குள் பதியப்படாவிட்டால் காலங்கடந்த பதிவு செய்ய வேண்டும். சத்தியக் கடதாசியும், பாடசாலைச் சான்றிதழ் போன்ற பழைய ஆவணங்களும் தேவைப்படும். பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் விசாரியுங்கள். பதிவு செய்யப்பட்டு, பத்திரம் மட்டும் தொலைந்திருந்தால் பிரதி எடுக்கலாம்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள்: இந்திய முகாமிலோ வேறு நாட்டிலோ பிறந்த பிள்ளை இலங்கைப் பிரசையாக வேண்டுமானால் ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் அதற்குரிய இடம் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயம். காலம் கடந்திருந்தால் தகுந்த காரணம் காட்டி அனுமதி கேட்கலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தந்தை வழியாக மட்டுமன்றித் தாய் வழியாகவும் பிரசாவுரிமை கிடைக்கிறது.

பெயரும் திகதியும்: பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, விவாகப் பதிவு, கடவுச்சீட்டு ஆகிய நான்கிலும் பெயரின் எழுத்து ஒன்றாக உள்ளதா என்று பாருங்கள். முகம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். அந்நாட்டு அதிகாரிக்கு அது நாலைந்து ஆட்கள். பழைய அடையாள அட்டை இலக்கத்தையும் சோதிக்கலாம். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கம் அவ்வருடத்தின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 1970 பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 70532 என்று தொடங்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே எண்ண வேண்டும். பிறப்புப் பத்திரத்தோடு இது பொருந்தாவிட்டால் இப்போதே திருத்துங்கள்.

மொழி உரிமை: 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. அரச காரியாலயத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. வாசிக்கத் தெரியாத மொழியிலுள்ள கடதாசியில் கையொப்பமிடாதீர்கள்.

5. உம்மாவின் கேள்விக்கு விடை

இலங்கைப் பிரசை ஒருவர் விண்ணப்பித்து வேறு நாட்டுப் பிரசையானால், இலங்கைப் பிரசாவுரிமை இல்லாமற் போகும். ஆனால் இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். முன்னரே விண்ணப்பித்துத் தக்கவைத்துக்கொள்ளலாம், அல்லது பின்னர் விண்ணப்பித்து மீளப் பெறலாம். கல்வித் தகைமை, வயது, இங்கேயுள்ள சொத்து போன்றவை தகுதியாகக் கொள்ளப்படுகின்றன. மற்ற நாடும் அதற்கு இடமளிக்க வேண்டும். கனடாவும் பிரித்தானியாவும் இடமளிக்கின்றன. ஜேர்மனி 2024 யூன் முதல் இடமளிக்கிறது. இந்தியா இடமளிப்பதில்லை.

இனி வயல். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் இங்கே காணி வாங்குவதைத் தடுக்கிறது. ஆனால் பெற்றோரின் உறுதிக் காணி வாரிசு முறையாகவோ மரணசாதனத்தாலோ பிள்ளைக்கு வருவதை அது தடுக்கவில்லை. இரட்டைப் பிரசைக்கும் அத்தடை இல்லை. ஆகவே, உம்மா, மகள் கனடாப் பிரசையானாலும் உறுதிக் காணியில் அவள் பங்கு அழிந்துவிடாது.

பெர்மிட் காணி வேறு. அது அரச காணி. அதற்குப் பின்னுரித்தாளரை எழுத்தில் நியமித்துப் பதிய வேண்டும். யாரை நியமிப்பது என்பதைப் பிரதேச செயலகக் காணிப் பகுதியில் கேட்டு, குடும்பமாகப் பேசி, உயிரோடிருக்கும்போதே முடிவு செய்யுங்கள்.

6. ஏமாறாதிருப்போம்

"பணம் தந்தால் பரீட்சை இல்லாமலே எடுத்துத் தருகிறேன்" என்பவரை நம்பாதீர்கள். போலி மொழிச் சான்றிதழ் பின்னர் பிடிபட்டால், கிடைத்த பிரசாவுரிமையும் பறிபோகலாம். மூலப் பத்திரங்களை எந்த முகவரிடமும் விட்டு வைக்காதீர்கள். பிரதி கொடுங்கள், மூலத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். எல்லாப் பத்திரங்களையும் ஒரு பொலித்தீன் உறையிலிட்டு, ஓடும் வேளையில் கையில் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். 1990இலும் 2004இலும் ஓடியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கலந்துரையாட

1. உங்கள் வீட்டில் யாருடைய பிறப்பு இன்னும் பதியப்படவில்லை? ஏன்?

2. நான்கு பத்திரங்களிலும் உங்கள் பெயர் ஒன்றாக இருக்கிறதா? இன்றே எடுத்துப் பாருங்கள்.

3. உங்கள் வயல் உறுதிக் காணியா, பெர்மிட் காணியா? உங்களுக்குப் பின் யாருக்கு என்று எழுதியிருக்கிறதா?

4. வெளிநாட்டில் பரீட்சைக்குப் படிக்கும் உறவினருக்கு இந்தக் கிழமை என்ன உதவி செய்யலாம்?

அந்த உம்மா மறுநாள் பழைய பிஸ்கற் தகரத்தைத் திறந்தார். வயல் உறுதி இருந்தது. மகளின் பிறப்புப் பதிவு இருக்கவில்லை. திங்கட்கிழமை அவர் பிரதேச செயலகத்துக்குப் போனார்.