எந்தக் கம்பைலர் என்று ஸ்கிரிப்ட் அறிவது எப்படி?

கேள்வி: ஒரே சி++ நிரலை லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் சிமேக் கொண்டு பில்டு செய்யும்போது, இயங்குவது எந்தக் கம்பைலர் என்பதை ஸ்கிரிப்ட் எப்படிக் கண்டறியும்?

பதில்: இயங்குதளத்தை வைத்துக் கம்பைலரை ஊகிக்கக் கூடாது. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்விசி மட்டுமல்ல, ஜிசிசியும் கிளாங்கும் இயங்கும். கட்டளையின் பெயரையும் நம்ப முடியாது. மேக்கில் எக்ஸ்கோடுடன் வரும் ‘ஜிசிசி’ கட்டளை உண்மையில் ஆப்பிளின் கிளாங்கையே இயக்குகிறது.

ஒவ்வொரு கம்பைலரும் தனக்கென்று சில மேக்ரோக்களை முன்கூட்டியே வரையறுத்து வைத்திருக்கிறது. அவற்றைச் சோதிக்கும் சிறு நிரல் ஒன்றை சிமேக் கம்பைல் செய்து, கிடைக்கும் கோப்பில் பதிந்துள்ள அடையாளத்தைப் படிக்கிறது. அந்த நிரலை இயக்கிப் பார்க்கத் தேவையில்லை; ஆகவே வேறு வகைக் கணினிக்காகக் கம்பைல் செய்யும்போதும் இம்முறை பலிக்கும். விடை ‘கம்பைலர் ஐடி’ மாறியில் குனு (அதாவது ஜிசிசி), கிளாங், ஆப்பிள்கிளாங், எம்எஸ்விசி என்பது போலக் கிடைக்கும். ஸ்கிரிப்ட் இந்த மாறியைத்தான் ஒப்பிட வேண்டும்.

நிரலுக்குள்ளேயே மேக்ரோக்களைச் சோதிப்பதானால் வரிசை முக்கியம். கிளாங் தன்னை ஜிசிசி 4.2.1 என்றும் அறிவித்துக்கொள்ளும். விண்டோஸின் கிளாங்-சிஎல் எம்எஸ்விசியின் மேக்ரோவையும் வரையறுக்கும். எனவே கிளாங்கையே முதலில் சோதிக்க வேண்டும்.

ஏதேனும் ஒரு கம்பைலர் ஆப்ஷன் மட்டுமே தேவையென்றால், கம்பைலரின் பெயரைத் தேடுவதைவிட அந்த ஆப்ஷனை அது ஏற்கிறதா என்று நேரடியாகச் சோதிப்பதே சிறந்தது. நாளை புதிய கம்பைலர் வந்தாலும் ஸ்கிரிப்டை மாற்ற வேண்டியிருக்காது.