ஊர்ப் பெயருக்கு ஒரு சட்டம்: கரேமா சொல்லும் பாடம்

இத்தாலியின் வடமேற்கே, ஆல்ப்ஸ் மலைச்சரிவில் கரேமா என்று ஒரு சின்ன ஊர். அங்கே விளையும் சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர்தான். குடிக்கிறதைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஒரு ஊர் தன் பெயரை எப்படிக் காப்பாத்துதுன்னு பார்க்கலாம்.

நிலம் செங்குத்துச் சரிவு. கல் அடுக்கிச் சுவர் கட்டி, படிப்படியாக மண்ணை நிறுத்தியிருக்கிறார்கள். மேலே பந்தல். நம்ம கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைப் பந்தல் மாதிரிதான், ஆனால் தாங்குவது பருத்த கல் தூண்கள். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரிக் குளிரில் கொடிக்கு மெல்லச் சூடு கொடுக்கும். டிராக்டர் ஏறாது, எல்லாம் கை வேலை.

1967-இல் இந்தப் பெயருக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. விதி கறாரானது. திராட்சை கரேமா எல்லைக்குள் விளைந்திருக்கணும். குறைந்தது 85 சதவீதம் நெபியோலோ ரகம்; உள்ளூர்க்காரர்கள் இதைப் பிகோடெண்ட்ரோ என்பார்கள். எக்டருக்கு 8 டன்னுக்கு மேல் எடுக்கக் கூடாது. அதாவது ஏக்கருக்கு மூணேகால் டன்கூட இல்லை! கூடுதல் மகசூலே வெற்றி என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது விநோதமாகத்தான் இருக்கும்.

பிறகு காத்திருப்பு. குறைந்தது 24 மாதம், அதில் 12 மாதம் ஓக் அல்லது செஸ்ட்நட் மரப் பீப்பாயில். 'ரிசெர்வா' என்று போட 36 மாதம். நிறம் வெளிர்சிவப்பு, துவர்ப்பும் புளிப்பும் தூக்கல். அந்தத் துவர்ப்பு அடங்கத்தான் இத்தனை காலம்.

சரி, அறுத்த விவசாயி ரெண்டு வருஷம் காசில்லாமல் எப்படி இருப்பார்? அதுவும் அரை ஏக்கர், கால் ஏக்கர் வைத்திருப்பவர்? பக்கத்து இவ்ரேயா நகரில் ஒலிவெட்டி தட்டச்சு இயந்திர ஆலை ஆட்களை இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. 1960-இலேயே, அதாவது சட்டம் வருவதற்கு முன்பே, விவசாயிகள் கூட்டுறவு அமைத்துவிட்டார்கள். பழத்தைக் கொடுப்பது உறுப்பினர் வேலை. பிழிவது, பீப்பாயில் வைப்பது, விற்பது சங்கத்தின் வேலை. என் கணிப்பில், சங்கம் இல்லாமல் சட்டம் மட்டும் வந்திருந்தால் சின்ன விவசாயிக்குப் பெரிய பலன் இருந்திருக்காது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த ஊர்ப் பெயர் முத்திரை இயற்கை விவசாய முத்திரை அல்ல. எங்கே, எந்த ரகம், எவ்வளவு, எத்தனை மாதம் என்பதற்குத்தான் இது சாட்சி. ரசாயனம் தெளிக்கவில்லை என்று சொல்லணும்னா அங்கேயும் தனிச் சான்றிதழ் வாங்கித்தான் ஆகணும்.