கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

விருதுநகர்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பன்னிரண்டு வருஷம் ஓடிய ஆட்டோமேட்டிக் கார். கொஞ்ச நாளாக டி-யில் போட்டால் சற்றுத் தாமதித்து, ஓர் உதறலோடு கிளம்புகிறது. சில நேரம் எஞ்சின் சத்தம் ஏறுகிறதே தவிர வேகம் ஏறவில்லை. மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு ‘கியர்பாக்ஸை இறக்கணும்’ என்று சொல்லிவிட்டார். இறக்கலாமா என்று கேட்கிறாய். இப்போதைக்கு வேண்டாம் என்பது என் பதில். மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு செய்யும் கடைசி வேலை அது. இறக்குவதற்காக ஆயிலை வடித்து, கனெக்டர்களைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டால், பழைய ஆயில் போய்விடும். எந்த ஒயர் தளர்ந்திருந்தது என்பது தெரியாமல் போகும். பல கார்களில் கம்ப்யூட்டரில் பதிந்த பிழைக்குறிகளும் அழிந்துவிடும். கோளாறு எங்கே என்று காட்டக்கூடிய சாட்சிகளை நாமே கலைத்துவிட்டு, பிறகு ஊகத்தில் பாகம் மாற்ற வேண்டியிருக்கும். சிவகாசி அச்சகங்களில் நான்கு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால், யாரும் முதல் வேலையாக ஆஃப்செட் மெஷினின் சிலிண்டரைக் கழற்றுவதில்லை. பேப்பர் ஈரம் குடித்திருக்கிறதா, பிளேட் சரியாக மாட்டியிருக்கிறதா என்று வெளியிலிருந்துதான் உள்ளே போவார்கள். காருக்கும் அந்த வரிசையே போதும்.

முதலில் உன் காரில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள். கிளட்ச் பெடல் இல்லாத கார் எல்லாவற்றையும் நம் ஊரில் ஆட்டோமேட்டிக் என்றே சொல்கிறோம். உள்ளே இருப்பது வேறு வேறு. 2014-இல் மாருதி செலேரியோவோடு வந்த ஏஎம்டி, சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஓர் இயந்திரக் கை செய்கிறது. அதில் உதறல் வந்தால் கிளட்ச் பிளேட் தேய்மானம், அந்தக் கையின் ஆயில், பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்; ஸ்கேனர் வைத்துக் கிளட்சைப் பழக்கிவிட்டாலே சில வண்டிகள் சரியாகும். அதே 2014-இன் ஹோண்டா சிட்டியில் வந்த சிவிடியில் படிப்படியான கியரே கிடையாது; இரண்டு கப்பிகளுக்கு நடுவே இரும்பு பெல்ட் ஓடுகிறது. ஹூண்டாய் ஐ10-இல் வந்த நான்கு கியர் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் வகை. ஒன்றுக்கு உரிய ஆயிலை இன்னொன்றில் ஊற்றினால் நன்றாக இருந்த கியர்பாக்ஸும் கெடும். ‘ஆட்டோமேட்டிக் ஆயில்’ என்று பொதுவாகக் கேட்டு வாங்காதே. வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் பெயரைச் சொல்லி வாங்கு.

நீ சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் உன்னுடையது டார்க் கன்வெர்ட்டர் வகையாக இருக்கலாம். அப்படியானால் முதல் சாட்சி ஆயில். பெரும்பாலான கார்களில், நன்றாக ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய், பி-யில் விட்டு டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்க வேண்டும். பழைய ஹோண்டாக்களில் எஞ்சினை அணைத்த பிறகு பார்க்கும் முறை உண்டு. டிப்ஸ்டிக்கே இல்லாத கார்களும் உண்டு. அதனால் இதற்கும் கையேடே கணக்கு. அளவு குறைந்திருந்தால் நீ சொன்ன தாமதமும் வழுக்கலும் அதனாலேயே வரலாம். உடனே ஒழுக்கு எங்கே என்று தேடு. பெரும்பாலும் சிவப்பாக ஊற்றப்படும் ஆயில் பழுப்பாகியிருந்தால் வயதாகிவிட்டது என்று அர்த்தம். கறுத்துக் கருகல் வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் பிளேட் கருகியிருக்கிறது. இளஞ்சிவப்புப் பால்போல் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. அதற்குமேல் வண்டியை ஓட்டாதே.

இந்த வட்டாரத்தில் ஆயிலை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினின் சுழற்சியைக் கியருக்குக் கொண்டுசேர்ப்பது ஆயில். மெதுவாகப் போகும்போது இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். அந்த வித்தியாசத்தில் வீணாகும் சக்தி ஆயிலில் சூடாக இறங்கும். மதுரைக்கோ கோவில்பட்டிக்கோ நான்குவழிச் சாலையில் சீராகப் போனால் உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும்; சூடு குறையும். ‘நான் வண்டியை விரட்டுவதே இல்லை, ஊருக்குள்தான் ஓட்டுகிறேன்’ என்று நீ எழுதியிருப்பது கியர்பாக்ஸுக்கு நற்சான்றிதழ் ஆகாது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், பட்டாசு வாங்க வந்த வெளியூர் வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே, ஏசியைப் போட்டுக்கொண்டு சிவகாசிக்குள் ஊர்ந்து போவதுதான் அதற்குக் கடுமையான ஓட்டம். இன்னொன்று, பல கார்களில் கியர் ஆயில் குளிர்வது ரேடியேட்டரின் தொட்டிக்குள் போகும் ஒரு குழாயில். கூலன்ட்டுக்குப் பதிலாக போர் தண்ணீரை ஊற்றி வந்தால், அதன் உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும், குழாயையும் அரிக்கும். நோய் ரேடியேட்டரில் இருக்க, கியர்பாக்ஸுக்கு வைத்தியம் பார்த்துப் பயனில்லை.

அடுத்த சாட்சி மின்சாரம். லீவர் பி-யை விட்டு நகராவிட்டால், பிரேக்கை மிதிக்கும்போது பின்னால் விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல். சின்ன பிரேக் ஸ்விட்ச் ஒன்றே குற்றவாளியாக இருக்கலாம். ஒரே கியரில் மாட்டிக்கொண்டு ஓடினால், கம்ப்யூட்டர் கியர்பாக்ஸின் பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறது என்பதே முதல் ஊகம். சென்சார், சோலனாய்டு, பேட்டரி முனையில் பூத்த பச்சை, துருவேறிய எர்த் ஒயர், எலி கடித்த ஒயர் எல்லாம் அதற்குப் போதுமான காரணங்கள். பிழைக்குறியைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். மலிவான ஸ்கேனர் பி0700 என்று காட்டினால், ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிந்திருக்கிறது, அங்கே போய்ப் பார்’ என்பதற்குமேல் அதில் செய்தி இல்லை. அதை வைத்து கியர்பாக்ஸ் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. டி-யில் போடும்போது மட்டும் இடித்தால் எஞ்சின் மவுண்ட்டையும், நின்றபடி ஓடும்போது ஆர்பிஎம் அதிகமாக இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல். எஞ்சினின் கோளாறு கியரின் உதறலாகத் தெரிவது சாதாரணம்.

‘மெக்கானிக் அனுபவசாலி, காதால் கேட்டே சொல்லிவிடுவார்’ என்பாய். அனுபவத்தை மதி, ஆனால் காது, வழுக்குகிறது என்பதைத்தான் சொல்லும், ஏன் வழுக்குகிறது என்பதை ஆயிலும் அதன் அழுத்த அளவும்தான் சொல்ல முடியும். ஆயில் குறைந்தாலும் பிளேட் கருகினாலும் சத்தம் ஒன்றே. ‘ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாத ஆயில்’ என்று கம்பெனி சொல்கிறதே என்றால், வெயிலும் ஊர்தலும் சேர்ந்த நம் ஓட்டத்தைப் பல கையேடுகளே கடின உபயோகம் என்று தனியாகப் பிரித்துக் குறைந்த இடைவெளி சொல்கின்றன. பழைய கியர்பாக்ஸில் புது ஆயில் ஊற்றினால் படுத்துவிடும் என்ற பேச்சில் பாதி உண்மை உண்டு. பிளேட் ஏற்கெனவே கருகிய வண்டியில் கடைசி நேரத்தில் ஆயில் மாற்றுகிறார்கள். அது எப்படியும் நிற்கத்தான் போகிறது, பழி ஆயில்மேல் விழுகிறது. உன் ஆயில் பழுப்பு மட்டும்தான், கருகல் இல்லை என்றால் மாற்றலாம். மெஷின் வைத்து அழுத்திக் கழுவ வேண்டாம். வடித்து ஊற்றினால் ஒருமுறைக்கு ஒரு பங்குதான் மாறும், மீதி கன்வெர்ட்டரில் நிற்கும். இடையில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி இரண்டு மூன்று முறை செய். ‘இத்தனையும் பார்ப்பதற்குள் மேலும் கெட்டுவிடாதா’ என்பது நியாயமான பயம். கருகல் வாடையோடு வழுக்கினால் வண்டியை நிறுத்திவிட்டே சோதி. கயிறு கட்டி இழுக்க விடாதே; எஞ்சின் ஓடாதபோது உள்ளே பம்ப் ஓடாது, ஆயில் ஏறாமல் உலர்ந்து தேயும். வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரியைக் கூப்பிடு.

கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றிப் பார்க்கும்போது அதிலுள்ள காந்தத்தில் மைபோன்ற சாம்பல் படிவு இருந்தால் அது வழக்கமான தேய்மானம். இரும்புச் சீவல் கிடந்து, ஆயில் கருகி, மின்சாரப் பக்கம் சுத்தமாக இருந்து, சூட்டிலும் குளிரிலும் ஒரே கியர் வழுக்கினால் வழக்கு முடிந்தது. அப்போது தயங்காமல் இறக்கு. அதற்கு முன் செலவை எழுத்தில் வாங்கி, இன்றைக்கு அந்தக் கார் என்ன விலை போகும் என்பதோடு ஒப்பிடு. பழைய வண்டியிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸ் மலிவு என்பார்கள். அதன் ஆயிலையும் தட்டையும் இதேபோல் பார்க்க விடாதவரிடம் வாங்காதே. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படி முதலிலேயே சொல்லிவை. ‘இதனால்தான் இதை மாற்றினேன்’ என்று பாகத்தைக் கையில் வைத்துக் காட்டக்கூடிய மெக்கானிக் கிடைத்தால், அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதே.

அன்புடன்,
மாமா