எந்த நேரத்தில், எந்த வரிசையில்

அன்புள்ள கண்ணம்மா,

டிசம்பர் விடுமுறையில் விடுதித் தோழியின் வீட்டுக்குக் கொல்கத்தா போகிறாய் என்று உன் அப்பா சொன்னான். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் கேட்டிருந்தாய். பட்டியல் எங்கும் கிடைக்கும். எதை எந்த நேரத்தில் பார்ப்பது, எதை எதற்குப் பின் சாப்பிடுவது என்பது அந்த ஊர்க்காரர்களிடம்தான் கிடைக்கும். தோழியிடம் அதைக் கேட்டு வாங்கு.

விடியலில் தொடங்கு. ஹவுரா பாலத்தின் காலடியில் மல்லிக் காட் பூச்சந்தை இருக்கிறது. காலை 6 மணிக்கே அங்கே போய்விடு. செண்டுமல்லிச் சரங்களைப் பெரிய பந்தாகச் சுருட்டித் தலையில் சுமந்து வருகிறவர்கள் யாருக்காகவும் நிற்க முடியாது. ஓரமாக ஒதுங்கி நின்று பார். பிறகு பாலத்தை அண்ணாந்து பார். 1943இல் திறந்த அந்தப் பாலத்தில் 26,500 டன் எஃகு இருக்கிறது. நட்டு, போல்ட் போடாமல் ரிவெட் அடித்தே இணைத்திருக்கிறார்கள். ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. அதன்மேல் நடந்து ஹவுராவுக்குப் போ; வரும்போது மெட்ரோ ஏறு. 2024 மார்ச்சிலிருந்து ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர் சுரங்கத்தில் ரயில் ஓடுகிறது.

காலைச் சாப்பாட்டுக்குத் தாமதிக்காதே. ஞாயிற்றுக்கிழமையானால் டிரெட்டா பஜார் போகலாம். தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் வாழும் சீனக் குடும்பங்கள் மோமோவும் மீன் உருண்டை சூப்பும் தெருவோரம் விற்பார்கள். மற்ற நாட்களில் பூரி போன்ற கொச்சூரியும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிடு. சீனப் பலகாரம், கொச்சூரி இரண்டுமே காலை நேரத்துப் பண்டங்கள். சோம்பல் முறித்து எழுந்து போனால் கழுவிக் கவிழ்த்த அண்டாவைத்தான் பார்ப்பாய்.

மதியச் சாப்பாட்டில்தான் உனக்குப் பாடம் அதிகம். கல்லூரித் தெருப் பக்கம் பழைய ‘பைஸ் ஹோட்டல்’ ஒன்றுக்கு அழைத்துப் போகச் சொல். காலணாவுக்குச் சோறு கிடைத்த காலத்துப் பெயர் அது. சில இடங்களில் இன்றும் வாழையிலைக்குத் தனிக் காசு வாங்குவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டு, ஒன்றாகப் பிசைந்துவிடாதே. வங்காளிச் சாப்பாடு கசப்பில் தொடங்கும். பாகற்காய், வாழைக்காய், முருங்கைக்காய் எல்லாம் சேர்ந்த சுக்தோவைக் கொஞ்சம் சோற்றோடு முதலில் சாப்பிடுவார்கள். அடுத்தது பருப்பு, அதற்குத் தொட்டுக்கொள்ளப் பொரியல். பிறகு காய்கறி, அதன் பின் மீன் குழம்பு. கடைசியில் இனிப்புச் சட்னியும் அப்பளமும், முடிவாக மிஷ்டி தொய் என்ற இனிப்புத் தயிர். ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் கொஞ்சம் சோறு. கசப்பில் விழித்த நாக்கு கடைசி இனிப்பு வரை களைக்காது. அந்த வரிசையில் சாப்பிட்டால்தான் அந்தச் சமையலின் நியாயம் உனக்குப் புரியும்.

பருவத்துக்கும் இதே விதிதான். அவர்கள் இலிஷ் என்று கொண்டாடும் மீன், நம் பக்கத்து உல்லம், மழைக்காலத்துக்கு உரியது. டிசம்பரில் அதற்காக அடம் பிடிக்காதே. குளிர்காலத்தில் நொலேன் குர் உண்டு. நாம் பனையில் பதநீர் இறக்குவதுபோல அங்கே ஈச்சமரத்தைச் சீவி, இரவெல்லாம் பானையில் சொட்டிய சாற்றை விடியுமுன் இறக்கிக் காய்ச்சுகிறார்கள். அந்தப் புது வெல்லம் சேர்த்த சந்தேஷ் இனிப்பில் லேசான புகை மணம் இருக்கும். சிலை செய்பவர்களின் பகுதியான குமார்துலிக்கும் போ. துர்க்கை பூஜை முடிந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம். அடுத்து வரும் சரஸ்வதி பூஜைக்கான சிலைகள் வைக்கோலும் களிமண்ணுமாக உருவாகிக்கொண்டிருக்கும். படம் எடுக்குமுன் கைவினைஞரிடம் அனுமதி கேள்.

கல்லூரித் தெருப் புத்தகக் கடைகளில் பெரும்பாலானவை ஞாயிறன்று மூடியிருக்கும். வேலை நாளின் பிற்பகலில் போய், பழைய புத்தகங்களைப் புரட்டிவிட்டு, காபி ஹவுஸில் உட்கார். அங்கே பேச்சுதான் முக்கியம்; எழுந்திருக்க அவசரப்படாதே. மாலையில் ஃபுச்கா, அதாவது அந்த ஊர்ப் பானிபூரி. வண்டிக்காரர் தொன்னையில் ஒவ்வொன்றாக வைப்பார். புளித்தண்ணீர் ஒழுகுமுன் முழுதாக வாயில் போட வேண்டும். எல்லாம் முடிந்தபின் ‘ஃபாவ்’ என்று ஒன்று இலவசமாகக் கேட்பது அங்கே உரிமை. கேட்கத் தயங்காதே.

நம் இட்லிக்கு ஏங்கினால், தமிழர்கள் நெடுங்காலமாக வாழும் லேக் மார்க்கெட் இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு நாளாவது அந்தப் பக்கம் போகாதே.

தோழியின் நேரமும் பணமும் அளவுள்ளவை. டிக்கெட்டும் டாக்ஸியும் உன் செலவாக இருக்கட்டும். அவள் மறுத்தாலும் விடாதே. விக்டோரியா நினைவு மண்டபம் போன்ற இடங்களை அவள் பலமுறை பார்த்திருப்பாள். அங்கெல்லாம் நீ தனியாகப் போய் வா. அவள் அம்மா சமைக்கும் ஒரு நாள், வெளித்திட்டம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் அடுக்களையில் கூடமாட உதவு.

இன்னொன்றும் உண்டு. அவளும் ஒருநாள் நம் மதுரைக்கு வருவாள். எந்தச் சித்திரை வீதியில் எந்த நேரத்தில் நிழல் விழும், கோயிலுக்குள் கூட்டம் எப்போது குறையும், இரவு பத்து மணிக்கு மேல் சூடான இட்லி எங்கே கிடைக்கும் என்று அவள் உன்னைத்தான் கேட்பாள். ரயில் ஏற இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் சொந்த ஊரை ஒரு சுற்றுச் சுற்றி அதையெல்லாம் தெரிந்துகொள். அவளிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் உனக்குத் தாமாகவே கிடைக்கும்.

அன்புடன்,
உன் அத்தை