சைவப் பாடசாலைகளும் அரசினர் கல்வியும்

ஈழத்துச் சைவர்களின் கல்வி வரலாற்றை நோக்குமிடத்து, சமயப் பாடசாலை, அரசு ஆகிய இரண்டும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பி வந்தமை புலனாகும்.

1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் ஊர்தோறும் பாடசாலைகளை நிறுவி, 1823இல் வட்டுக்கோட்டையிலே செமினரியையும் தொடங்கினர். அங்கு தமிழும் கணிதமும் விஞ்ஞானமும் சிறப்பாகக் கற்பிக்கப்பட்டன. ஆயினும் கல்வியை நாடிச் சென்ற சைவப் பிள்ளைகள் பைபிளையும் படிக்கவேண்டியிருந்தது. வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆசிரியராயிருந்த நல்லூர் ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். மிஷன் பாடசாலையிலே கண்ட வகுப்புப் பிரிவு, அச்சிட்ட பாடநூல் ஆகியவற்றை அவர் தயங்காது கைக்கொண்டார். பாலபாடங்களும் சைவ வினாவிடைகளும் இவ்வாறே எழுந்தன.

அரசாங்கம் பாடசாலைகளுக்கு உதவி நன்கொடை வழங்கத் தொடங்கியபின், ஏற்கெனவே உள்ள பாடசாலைக்கு அண்மையில் புதிதாகத் தொடங்குவோருக்கு அது மறுக்கப்பட்டது. மிஷனரிமார் முந்திக்கொண்ட ஊர்களிலே சைவர்கள் தம் கைப்பணத்தையே நம்பவேண்டியதாயிற்று. 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. மட்டக்களப்பிலே விபுலாநந்த அடிகள் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார்.

ஆனால் இப்பாடசாலைகளின் கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரேவிதமாகத் திறந்திருக்கவில்லை. சைவ மலரொன்றிலே இதனைக் கூறாது விடுதல் முறையன்று. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் பல இடங்களிலே சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்ட இடங்களிலும் நிலத்தில் இருத்தப்பட்டனர். மிஷன் பாடசாலைகள் சிலவும் இதற்கு விலக்கல்ல. 1930ஐ அண்டிய ஆண்டுகளில், நன்கொடை பெறும் பாடசாலைகளிலே சமாசனம் வழங்கவேண்டுமென்று அரசாங்கம் வற்புறுத்தியது. யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் அதனை ஆதரித்தது. எதிர்த்தோர் பாடசாலைகள் சிலவற்றுக்குத் தீயும் வைத்தனர். சமயம் செய்யத் தவறியதைச் சட்டம் செய்யவேண்டி வந்தது.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு கையேற்றது. கட்டணம் அறவிடாமல் தனித்து நடத்த முன்வந்தவை சிலவே. ஆசிரியர் முகாமையாளரின் தயவை எதிர்பார்க்கும் நிலை நீங்கியமை பெரிய நன்மை. ஊரவர் தம் காணியையும் பணத்தையும் கொடுத்துக் கட்டிய பாடசாலையில் அவர்களுக்கிருந்த உரிமை நீங்கியமை இழப்பு.

பாடசாலையிலே சைவசமயம் ஒரு பாடமாக நின்றது. அதற்குப் புள்ளி உண்டு, பரீட்சை உண்டு. தேவாரத்தைப் பண்ணோடு பாடுதலும் கோயிற்றொண்டு பழகுதலும் ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்புக்கு உரியனவாயின. அதே ஞாயிறு காலையில் தனியார் கல்வி நிலையங்களும் வகுப்பு நடத்துகின்றன. அவற்றை அந்நேரத்தில் நிறுத்தவேண்டுமென்ற கோரிக்கை பலமுறை எழுந்துள்ளது. மிஷன் பாடசாலைக்கும் சைவப் பாடசாலைக்கும் இடையே அன்று தெரிவுசெய்த பெற்றோரைப் போல, இன்றைய பெற்றோரும் பிள்ளையின் சைக்கிளைக் கோயில் மடத்துப் பக்கம் திருப்புவதா, ரியூசன் கொட்டிலுக்குத் திருப்புவதா என்று வாரந்தோறும் தெரிவுசெய்கின்றனர்.