படகின் வயர்லெஸ் கருவி நன்கு கேட்கின்றதா?

மழைக்காலம் தொடங்குமுன் ஏரியின் மதகைத் திறந்து மூடிப் பார்ப்பது உழவர் வழக்கம். கடலோர ஊராட்சிகளில் வாழும் மீனவர், படகிலுள்ள வி.எச்.எஃப். வயர்லெஸ் கருவியையும் அவ்வாறே முன்கூட்டிச் சோதித்தல் வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, அதற்குப் பல நாட்கள் முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த குமரி மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை என்பதை யாவரும் அறிவர்.

இக்கருவியின் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வன. ஆதலின் ஏரியலின் உயரமே தொலைவை வரையறுக்கின்றது. இரு படகுகளிலும் ஏரியல் 4 மீட்டர் உயரத்தில் இருப்பின், ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வரை பேசலாம். அதற்கப்பால் செய்தி ஒரு படகிலிருந்து மறு படகிற்குக் கைமாறியே செல்லவேண்டும். இடையில் ஒரு படகின் கருவி செவிடாயினும் சங்கிலி அறுந்துவிடும்.

சோதனை முறை மூன்று படிகளைக் கொண்டது.

1. மின்சாரம்: நன்கு மின்னேற்றி, சிறிது நேரம் ஓய்வில் வைத்த 12 வோல்ட் ஈய பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டவேண்டும். முனைகளில் உப்புப் பூத்திருந்தால் துடைத்து இறுக்குக.

2. ஒலி: கருவியை 16ஆம் சானலில் வைத்து, ஸ்குவெல்ச் எனப்படும் இரைச்சல் தடுப்புத் திருகை முழுதும் தளர்த்துக. இரைச்சல் கேட்டால் ஒலிபெருக்கி நலம். பின்னர் இரைச்சல் அடங்கும் அளவோடு திருகை நிறுத்துக. அதற்கு மேல் திருகினால், தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலும் அடைபட்டுப் போகும்.

3. ஏரியல்: இங்குதான் பலர் ஏமாறுகின்றனர். ஏரியல் கம்பி அறுந்திருப்பினும் இரைச்சல் கேட்கும். அருகிலுள்ள படகின் குரலும் கேட்கும். எனவே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள படகைப் பேசச் சொல்லிக் கேட்பதே உண்மையான சோதனை. அக்குரல் பக்கத்துப் படகில் தெளிவாகவும் நம் படகில் மங்கலாகவும் இருப்பின், குறை நம்மிடமே உள்ளது. ஏரியல் கம்பியின் இணைப்பில் உப்புநீர் புகுந்துள்ளதா எனப் பார்க்கவேண்டும். ஏரியலைக் கழற்றிய நிலையில் பேசும் பொத்தானை அழுத்தலாகாது, கருவி பழுதுபடக்கூடும்.

16ஆம் சானல் ஆபத்து அறிவிப்பிற்கும் அழைப்பிற்கும் உரியது. அதில் அழைத்தவுடன், சோதனைப் பேச்சைப் படகுகளுக்கிடையே பேசுதற்குரிய 72 போன்ற சானலுக்கு மாற்றிக்கொள்ளல் முறை.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்நாட்களில் ஊராட்சி மன்றங்கள் மீனவர் சங்கத்தாருடன் கூடி, பாட்டரி, இணைப்பு, ஏரியல் ஆகியவற்றைப் பார்த்துப் பழுது நீக்க ஏற்பாடு செய்யலாம். தடை நீங்கிய முதல் நாளிலேயே தொலைவுச் சோதனையையும் முடித்துவிடலாம். கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554 என்பதை மீனவர் குடும்பங்கள் யாவும் அறியச் செய்தலும் நம் கடமை.

இதற்கு ஆகும் செலவு சிறிது; புயல் நாளில் காக்கப்படும் உயிர்களோ விலை மதிப்பற்றவை.